செம்பாறைக் கரட்டில் எதிர்ச்சுற்று

ஜனவரி 4, ஞாயிறு

இந்த டைரி டயர் கடைக்காரர் கொடுத்தது. ரிட்டயர்டு ஆகி எட்டு வருடம் கழித்தும் இந்த ஆறுச்சாமியை ஞாபகம் வைத்திருக்கிற ஒரே ஜீவன் அவர்தான். டவுன் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி எழுதியே கை பழகிவிட்டது. இப்போது வருவதற்கும் போவதற்கும் நான் ஒருவன்தான் மிச்சம். அதையாவது எழுதி வைப்போம்.

நேற்றுக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணுக்குள் பிரஷராம். இடது கண் போனது போனதுதான், இனி நிழல்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம். அந்தப் பிரஷர் சொட்டு மருந்துக்கு அடங்க மாட்டேன் என்கிறது. இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், தள்ளிப் போட்டால் அதுவும் போய்விடும். 23ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

“கூட ஒரு ஆளைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. வலது கண்ணைக் கட்டிட்டா உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. துணை இல்லாம ஆபரேஷன் பண்ண மாட்டோம்” என்றார்.

“அதுக்கென்னங்க, ஊடு நெறைய ஆளு” என்றேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

வீட்டில் இருப்பது நானும் ஒரு பல்லியும்.

ஜனவரி 5, திங்கள்

கரடு புறப்பாடு 6.00. வருகை 7.14.

செம்பாறைக் கரடு ஒன்றும் பெரிய மலை இல்லை. வனத்துறை கேட்டில் கிளம்பினால் கரட்டின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு நான்கு கிலோமீட்டரில் அதே கேட்டுக்கு வந்து சேரலாம். கிழக்குப் பக்கம் ஒரு பெரிய பாறை. அதில் ஏறி நின்றால் கோயம்புத்தூர் மொத்தமும் தெரியும். வடக்கே சரிவில் ஒற்றையடிப் பாதை. மேற்கே படிக்கட்டு. உச்சியில் யாரோ முருகன் வேல் ஒன்றை நட்டு வைத்ததிலிருந்து எல்லோரும் கரட்டை வலமாகத்தான் சுற்றுகிறார்கள், கோயில் பிராகாரம் மாதிரி. நான் மட்டும் இடமாகச் சுற்றுகிறேன்.

இன்று பேங்க் லோகநாதன் என்னை வழிமறித்தார். மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கரட்டில் நடக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் வைத்து அதற்குத் தலைவராகவும் ஆகிவிட்டார்.

“ஏனுங்கண்ணா, எல்லாரும் வலமா வாரோம், நீங்க மட்டும் எதுக்க வாரீங்க. எழவுக்குத்தானுங்க எடமாச் சுத்துவாங்க.”

“எங்கூட்ல எழவு உழுந்து பதினாலு மாசந்தான் ஆச்சு. எனக்குப் பொருத்தமாத்தான் இருக்குது” என்றேன்.

மனிதர் முகம் செத்துவிட்டது. எனக்கு நாக்கில் சனி, என்ன செய்ய?

இடமாகச் சுற்றினால் பாறைக்கு முதலில் போய்விடலாம், ஊர் விளக்குகள் அணைவதற்குள் பார்க்கலாம். அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை. பின்னால் நடந்தால் ஊராரின் முதுகுதான் தெரியும், எதிரே வந்தால் ஆளுக்கு ஒரு வணக்கமாவது சொல்லித்தான் தீர வேண்டும் என்பதெல்லாம் பிற்பாடு கண்டுபிடித்தது. இன்று பதினொரு வணக்கம். தையல்காரி கோகிலவாணி மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும். காதிலிருந்து போனை எடுத்து நான் பார்த்ததில்லை. சொந்தபந்தம் ஜாஸ்தி போலிருக்கிறது.

ஜனவரி 7, புதன்

புறப்பாடு 6.00. வருகை 7.21.

பனி. பாறையில் நின்றால் முன்பெல்லாம் இடது கோடியில் மில் புகைபோக்கி, நடுவில் மேம்பாலம், வலது கோடியில் விமானம் இறங்குகிற இடம் வரை ஒரே பார்வையில் விழும். இன்று மேம்பாலத்தைப் பார்த்தால் புகைபோக்கி இல்லை. கழுத்தைத் திருப்பிப் புகைபோக்கியைப் பிடித்தால் மேம்பாலம் இல்லை. ஊரைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது. மார்கழிப் பனி இந்த வருடம் ரொம்ப மோசம்.

பக்கத்தில் நின்று ஒரு சின்னப் பெண் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. “பனி அதிகமில்ல?” என்றேன். “இல்லீங் தாத்தா, இன்னிக்குத்தான் சூப்பரா கிளியரா இருக்குது” என்றது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எது பனி, எது வெயில் என்று தெரிகிறதா?

வரும் வழியில் என் வீட்டுக்காரி சாரதாமணியின் போனுக்கு ரீசார்ஜ் செய்தேன். கடைக்காரன் “இது ஆருக்குங்க?” என்றான். “ஊட்டுக்கு” என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

சொட்டு மருந்து இரண்டு வேளை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன். வருகை 7.26.

ஜனவரி 9, வெள்ளி

துணைக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கரட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன்.

பிரதீப் இருக்கிறான், சாரதாமணியின் அண்ணன் மகன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அத்தை அத்தை என்று உருகுகிறவன். சாரதாமணி போன அன்று, எடுப்பதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓடி வந்தான். நான் வாசலில் நின்றுகொண்டு, நூறு பேர் முன்னால், “இப்பத்தான் டைம் ஆச்சா? ட்ரிப் கட்டு, போடா” என்றேன். லேட்டாக வந்த பஸ்ஸின் நடையை ரத்துச் செய்து பழகிய பஸ் ஸ்டாண்டு வாய். அவன் சுடுகாட்டுக்கு வந்தான், முடித்தான், போனான். அதோடு சரி. வழியில் லாரி கவிழ்ந்து கிடந்து இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டானாம். பிறகு யாரோ சொன்னார்கள்.

பழைய டிரைவர், கண்டக்டர்கள்? லேட்டு என்று நான் எழுதிக் கொடுத்து மெமோ வாங்காதவர் ஒருவர் பாக்கி இல்லை.

சரி, லோகநாதனையே கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். வடக்குச் சரிவில் எதிரே வந்தார்.

“லோகநாதன், உங்ககிட்ட ஒரு விசயம்.”

“சொல்லுங்கண்ணா.” நின்று, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, காதைக் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

“பொங்கலன்னிக்குக் கேட்டுத் தொறப்பாங்களா?”

“தொறப்பாங்கங்க. வாட்சரு மருதன் இருப்பான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிற்பாடு யாராவது கேட்டால் வேண்டியிருக்கும்.

நேரம் 6.33. வடக்குச் சரிவு, ஒற்றையடிப் பாதை. கரடு என் இடது கைப் பக்கம், பள்ளம் வலது கைப் பக்கம். நான் நேராகத்தான் வந்தேன். எதிரே கோகிலவாணி, வழக்கம்போலக் காதில் போனோடு. வலமாகச் சுற்றுகிறவர்கள் எல்லோரும் கரட்டை ஒட்டித்தான் வருவார்கள். என் இடது தோளில் ஏதோ இடித்தது. அடுத்த வினாடி அவள் கரட்டோரக் கல்லின் மேல் கிடக்கிறாள். வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. ஒரு சத்தம் கேட்டது.

“கண்ணு தெரீலயாங்க உங்களுக்கு!” என்று கத்தினாள்.

“உங்களுக்குத் தெரியுதல்ல, ஒதுங்கறதுதான? போன்ல பேசீட்டே வந்தா இப்படித்தான்!” என்று நானும் கத்தினேன்.

லோகநாதன் ஓடி வந்தார். இன்னும் நான்கைந்து பேர். அவளைத் தூக்கி நிறுத்திக் கூட்டிக்கொண்டு கேட்டுப் பக்கம் போனார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் மேற்கே நடந்து சுற்றை முடித்தேன். வருகை 7.50.

இருட்டு இன்னும் விலகவில்லை. அவள் உடுப்பும் பாறையும் ஒரே நிறம். அங்கே யார் வந்திருந்தாலும் மோதித்தான் இருப்பார்கள்.

கீழே மருதன் சொன்னான்: “பாவமுங்கண்ணா, அந்த மஞ்சச் சுடிதாரு பூராம் மண்ணு.” அவனுக்கு எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

வலது மணிக்கட்டு முறிவாம். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

மருதன் கேட்டில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. இனி வலமாப் போறதுன்னா போகட்டும், இல்லீன்னா உள்ள உட வேண்டாம்னு சங்கத்துல சொல்லீட்டாங்க.”

“சங்கம் என்னடா சங்கம், கரடு என்ன அவங்கப்பன் ஊட்டுதா?” என்றேன். பிறகு வலமாகப் போனேன்.

முன்னால் நிறைய முதுகுகள். வெள்ளை பனியன் முதுகு, நீல முதுகு. யாரும் திரும்பவில்லை. நடக்கிறவன் எதற்காகப் பின்னால் திரும்பிப் பார்க்கப் போகிறான்? பாறைக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது, விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன.

ஜனவரி 13, செவ்வாய்

ஒரு வணக்கம்கூட இல்லை.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

கரடு போகவில்லை. ஒரு ஆழாக்கு அரிசி போட்டு, குக்கர் வேண்டாம் என்று பாத்திரத்திலேயே வைத்தேன். பால் பொங்கியது. பொங்கலோ பொங்கல் என்று சொல்ல வாயெடுத்தேன். வெறும் சமையலறையில் ஒருவன் கத்தினால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள்? மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்குள் அடி பிடித்துவிட்டது.

மாலையில் சாரதாமணியின் போனுக்குச் சார்ஜ் போட்டேன். நூறு ஆனதும் எடுத்துவிட்டேன்.

ஜனவரி 17, சனி

பஞ்சாயத்துத் தண்ணீர் வந்தது, பிடித்தேன். போர்வை துவைத்தேன். மருந்துப் பாட்டிலைக் கை தட்டி உடைத்தேன். மேசை மேல் இடது பக்கம்தான் இருந்தது. புதிது வாங்க வேண்டும்.

அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. விறகு முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்தான்.

ஜனவரி 19, திங்கள்

கோகிலவாணியின் கடையைத் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். கரட்டு ஸ்டாப்பிலிருந்து நாலாவது தெரு. சின்னக் கடை. தையல் மிஷின் மேல் துணி போர்த்திக் கிடந்தது. கல்யாண சீசனுக்கு ஒப்புக்கொண்ட பிளவுஸ் துணிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டு, வேறு கடைக்குக் கொடுத்தனுப்ப இடது கையால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு விழவில்லை. பல்லால் இழுத்தாள். வலது கை விரலிலிருந்து முழங்கை வரை வெள்ளையாக இருந்தது.

“வாங்க. இன்னொரு கையி பாக்கியிருக்குது, அதுக்கு வந்தீங்களா?” என்றாள்.

சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில், “அம்மிணி, அன்னிக்கு நீ வந்தது எனக்குத் தெரீல. மெய்யாலுமே தெரீல. இந்தப் பக்கத்துக் கண்ணு அவிஞ்சு போச்சு. அந்தப் பக்கத்துலயும் துளியூண்டுதான் இருக்குது” என்றேன்.

இதுவரை ஒரு ஆளிடமும் சொன்னதில்லை.

அவள் பையைக் கீழே வைத்தாள். சமாதானம் ஆகிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

“அப்ப அன்னிக்கே சொல்றதுக்கென்னங்க? கண்ணு தெரியாத மனுசன் ஒத்தையடிப் பாதைல எதுக்க வந்ததும் இல்லாம, என்னியல்ல கத்துனீங்க? நாலு பேரு முன்னால? எனக்கு இந்தக் கையிதானுங்க சோறு.”

“தப்புதான் அம்மிணி.”

“தப்புதான்.” ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினாள். உட்கார் என்று சொல்லவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். 23ஆம் தேதியைச் சொன்னேன்.

“கூட ஆரு வாராங்க?”

இதுதான் சமயம், கேட்டுவிடு என்று உள்ளே ஒருவன் இடித்தான். ஆனால் கட்டுப் போட்ட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எந்த வாயால் கேட்பது?

“மச்சினன் பையன் திருப்பூர்லிருந்து வாறான்” என்றேன்.

“நல்லதுங்க” என்று பையைக் கட்டத் தொடங்கினாள். முடிச்சை நான் போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 22, வியாழன்

பிரதீப்புக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. என் பேரைப் பார்த்திருப்பான். எடுக்காதது நியாயம்தான்.

ஜனவரி 23, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதைத் தவிர இன்று எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரி வருகை 6.50. ஒரு ஃபாரத்தைக் கொடுத்தார்கள். ‘உடன் வருபவர் பெயர்’ என்ற இடத்தில் பிரதீப் என்று எழுதினேன். உறவு, மச்சினன் மகன். கைப்பேசி எண் கேட்டிருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இரண்டுதான். ஒன்று என்னுடையது. இன்னொன்றை எழுதினேன். யார் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

நர்ஸ் வந்து, “உங்க கூட வந்தவரு எங்கங்கய்யா? கையெழுத்துப் போடணும்” என்றாள்.

“டீ குடிக்கப் போயிருக்கான்.”

கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தாள். “டீக்கடைல கூட்டம்” என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவரை உள்ளே அனுப்பினார்கள். அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மருமகள். ஆளுக்கு ஒரு பிளாஸ்க்.

மூன்றாவது தடவை வந்தபோது அவள் கையில் என் ஃபாரம் இருந்தது. “நானே கூப்பிட்டுர்றனுங்க” என்று நின்ற இடத்திலேயே போனை அழுத்தினாள்.

என் மடியில் இருந்த பைக்குள் சேவல் கூவியது.

அது சாரதாமணி வைத்த ரிங்டோன். காலையில் என்னை எழுப்பிக் கிண்டல் செய்ய வைத்தது. ஏன் பையில் வைத்திருந்தேன் என்று கேட்டால், ஆபரேஷன் என்பதால் கூட இருக்கட்டும் என்று எடுத்து வைத்தேன். வராந்தா முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு குழந்தை சிரித்தது. சேவல் நிற்கவில்லை. பதினான்கு மாதத்தில் அந்தப் போன் அடித்தது இதுதான் முதல் தடவை. எனக்குக் கட் செய்யவும் மனம் வரவில்லை.

நர்ஸ்தான் போனை அணைத்தாள். என் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, “ஆருமே இல்லீங்களாய்யா?” என்றாள்.

ஒரு அதட்டுப் போட்டிருந்தால் திருப்பி அதட்டியிருப்பேன். மெதுவாகக் கேட்டுவிட்டாள். அழுகை வந்துவிட்டது. அறுபத்தாறு வயது ஆம்பிளை, ஆஸ்பத்திரி பெஞ்சில்.

டாக்டரம்மாவிடம் பேசி அடுத்த வெள்ளிக்கு மாற்றிக் கொடுத்தாள். 30ஆம் தேதி, அதே ஏழு மணி. “இதுக்கு மேல தள்ள முடியாதாமுங்க. ஆரையாவது கூட்டிட்டு வந்துருங்கய்யா” என்றாள்.

ஜனவரி 24, சனி

ஒன்றும் இல்லை.

ஜனவரி 26, திங்கள்

புறப்பாடு 6.00, வலமாக. கை முறிந்தால் கால் நடக்கக் கூடாது என்று சட்டமா என்ன, கோகிலவாணி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கழுத்தில் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டிருந்தாள். இன்னொரு கையால் போனைக் காதில் பிடித்திருந்தாள். பிடிக்க முடியாத வேகம். கிழக்குப் பாறையில் அவள் உட்கார்ந்திருந்தபோதுதான் போய்ச் சேர்ந்தேன். மூச்சு வாங்கியது. குடியரசு தினம் என்று கீழே எங்கோ பள்ளிக்கூடத்து மைக் சோதனை செய்தது. ஊர் முழுக்க வெயிலில் இருந்தது. எனக்கு அதில் ஒரு கைக்குட்டை அளவு.

“ஆப்பரேசன் என்னாச்சுங்க? கட்டே காணம்?” என்றாள்.

இந்தத் தடவை பொய் சொல்லத் தெம்பு இல்லை. பிரதீப்பைச் சொன்னேன், அவனை வாசலில் நிறுத்திப் பேசியதைச் சொன்னேன், ஃபாரத்தைச் சொன்னேன், சேவலைச் சொன்னேன். சேவல் கூவிய இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“உனக்குச் சிரிப்பாட்டம் இருக்குதா அம்மிணி?”

“இல்லீங்ணா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் டெய்லி போன்ல பேசீட்டே நடக்கறனே, அக்கட்ட ஆருன்னு நெனச்சீங்க?”

“ஒறம்பரை, சொந்தபந்தம்னு ஆராவது இருப்பாங்க.”

“ஒருத்தருமில்லீங்க. சும்மா வெச்சுட்டு, ஆமா, சரி, அப்புடியான்னு சொல்லீட்டே போவேன். தனியாப் போற பொம்பளைன்னு நாலு பேரு நாலு கேள்வி கேப்பாங்க பாருங்க, அதுக்குத்தான்.”

இரண்டு பேரும் ஊரைப் பார்த்தோம். பிறகு கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: “வெள்ளிக்கெழம காலைல ஏழு மணிக்கு எனக்குத் துணைக்கு வாறியா அம்மிணி? உன்ற கையை ஒடச்சவன் கேக்கறேன். வரமாட்டேன்னாலும் சரிதான்.”

அவள் எழுந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டாள்.

“எனக்கு இன்னும் உங்க மேல கோவம் போகலீங்க. பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஜனவரி 29, வியாழன்

பை எடுத்து வைத்தாயிற்று. வேட்டி இரண்டு, துண்டு, சொட்டு மருந்து, ரிப்போர்ட். சாரதாமணியின் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போன எந்த பஸ்ஸும் வந்ததாக என் முப்பத்தொரு வருட சர்வீஸில் ஞாபகம் இல்லை. வராவிட்டால் அவள் மேல் தப்புச் சொல்ல முடியாது. நாளைக்கும் திருப்பி அனுப்பினால் வீட்டுச் சுவர்களைத் தடவிப் பழக வேண்டியதுதான். இன்று சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு சமையலறை வரை போய்ப் பார்த்தேன். பதினாறு அடி. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

6.40. ஆட்டோ வந்துவிட்டது. கிளம்புகிறேன்.

ஜனவரி 30, வெள்ளி, மதியம்

இதை எழுதுவது கோகிலவாணி. இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாதாம், படுக்கையில் இருந்துகொண்டே அதிகாரம். அவர் சொன்னது இது: “ஆஸ்பத்திரி வருகை 6.56. துணை ஆள் வருகை 7.09. ஒன்பது நிமிஷம் லேட்டு.” ஒரு கையால் தலை வாரி, ஒரு கையால் கடைப் பூட்டைப் பூட்டி, இரண்டு பஸ் மாறி வந்தவளுக்கு ஒன்பது நிமிடம் ஆகத்தான் செய்யும். இதை அவர் சொல்லவில்லை, நான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்தது. இடது கண் பார்வை திரும்பாது. வலது கண்ணில் இருக்கிற பார்வை நிற்கும் என்றுதான் டாக்டரம்மா நினைக்கிறார். உறுதியாகச் சொல்ல ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை வாரா வாரம் வர வேண்டும், கரடு ஏறக் கூடாது.

கட்டுப் போட்டு வெளியே கூட்டி வந்ததிலிருந்து, “அம்மிணி, இருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருக்கறனுங்க என்றேன். தண்ணீர் பிடிக்கப் போனால் கேட்டார். நாற்காலியை நகர்த்தினால் கேட்டார். இருபது தடவைக்கு மேல் இருக்கும். எரிச்சல்தான் வந்தது. நர்ஸ் சிரித்தாள்.

இப்போது தூங்கிவிட்டார். முன்பக்கங்களைப் படிக்காதே என்றார். படித்துவிட்டேன். பதினொன்றாம் தேதியைப் படித்தபோது அவரை எழுப்பி நாலு வார்த்தை கேட்கலாமா என்றுகூட இருந்தது.

அன்று லோகநாதன் சார் என்னை எலும்பு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, பேரனைக் கிளாஸுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கட்டுப் போடுகிறவர், “கூட யாரும்மா வந்திருக்காங்க?” என்று கேட்டார். வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பெரியவரைக் காட்டி, எங்கண்ணன் என்றேன். வலியை விட அதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிதாக இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, இதில்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 16, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு எனக்கு மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். சற்று முன்பு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, வருகிறீர்கள்தானே என்று கேட்டார்கள். வருகிறேன் என்றேன். அவர்கள் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன், கூட எங்கண்ணன் வருகிறார் என்று.